நண்டு கடித்த விரல்

நாணல்துறை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின் கடைசி நாள். பொங்கல் பானை அடுப்பில் ஏற இன்னும் மூன்று மணித்தியாலங்கள் இருந்தன. ஊர்ச் சனமெல்லாம் குளித்து முழுகி வெள்ளை உடுத்திக்கொண்டிருந்த நேரத்தில், கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் கனகசிங்கம் மட்டும் தன் வீட்டுக் கிணற்றடியில் குந்திக்கொண்டு, வலது கையைச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் விட்டபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாவிப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்றில்லை. கச்சான் காற்றுத்தான் வயல் வட்டைகளைத் தாண்டி வந்து, வாழையிலையையும் மனிதர் வாயையும் ஒன்றாகக் காயவைத்துக்கொண்டிருந்தது.

“இழுக்கட்டா?” என்றாள் மனைவி சீதேவிப்பிள்ளை.

“மெதுவா. அது என்ட விரல்.”

“விரல் உங்கடதான். மோதிரம்தான் ஆருடயெண்டு விளங்கல்ல. உங்கட எண்டா சொல்லுக் கேக்குமே.”

இழுத்தாள். மோதிரம் மூட்டு வரைக்கும் வந்து, அங்கே நின்று யோசித்து, திரும்பிப் போய்விட்டது. கனகசிங்கம் போட்ட சத்தத்தில் மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

வண்ணக்கர் என்பது சின்னப் பதவியல்ல. கோயிலின் திறப்பு அவர் மடியில் இருக்கும். அம்மன் கோயில் வருடத்தில் ஒரு கிழமைதான் கதவு திறக்கும். மிச்சம் ஐம்பத்தொரு கிழமையும் பூட்டிக் கிடக்கிற கதவுக்குத் திறப்பு வைத்திருப்பது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள், கனகசிங்கம் கடைத்தெருவில் நடந்து போவதை ஒருமுறை பார்க்கவேண்டும். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். அந்த முப்பத்தொரு வருடத்திலும் அவர் உள்ளே வரும்போது எழும்பி நின்றது அறைக்குள் கிடந்த பூனை மட்டும்தான். இப்போது சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள்கூட எழும்பி நிற்கிறார்கள்.

பதவி தாய்வழிக் குடிக்குரியது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தெரிவு. போன தை மாதம் குடியார் கூடியபோது கனகசிங்கத்துக்கும் அவருடைய சின்னம்மாவின் மகன் தங்கராசாவுக்கும் போட்டி. கனகசிங்கம் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதில் ஒன்று அவருடையது. வென்ற அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. கிடைக்காதவனுக்கு ஒரு கவலை; கிடைத்தவனுக்கு அது போய்விடுமோ என்று தினம் ஒரு கவலை.

அந்தக் கவலையோடுதான் செங்கலடிச் சந்திக்குப் போய், ஒரு மேல்மாடி அறையில் குளிரூட்டியும் கணினியும் வைத்துச் சாத்திரம் பார்க்கும் ஒருவர் முன்னால் சாதகத்தை விரித்தார். சாத்திரியாரின் பெயரட்டையில் பெயருக்கு முன்னால் ஆறு பட்டம், பின்னால் நாலு பட்டம். நடுவில் இருந்த பெயரைக் கண்ணாடி போட்டுத்தான் தேடவேண்டும்.

“சூரியன் துலாத்தில நீசம். பதவி வந்திரிக்கு, ஆனா நிலைக்கிற வழியக் காணல்ல” என்றார் சாத்திரியார். “வலக்கை மோதிர விரல்ல மாணிக்கம் போடுங்க. ஞாயிற்றுக்கிழம, சூரியன் உதிக்கக்குள்ள, பசும்பால்ல ஊறவெச்சு. போட்டா போட்டதுதான். எந்தக் காரணத்துக்கும் கழட்டப்படாது. கல்லு கழண்டா பதவி கழரும்.”

கல்லு வாங்கக் காத்தான்குடி நகைக்கடை நிஸ்தாரிடம் சீதேவிப்பிள்ளையும் கூடப் போனாள். நிஸ்தார் நேர்மையான மனிதர். வியாபாரத்தில் அது ஒரு குறை என்று அவருடைய சொந்தக்காரர்களே சொல்வார்கள்.

“ஐயா, வெளிப்படையாச் செல்றன்” என்றார் நிஸ்தார். “நீங்க கொண்டு வந்த காசுக்கு மாணிக்கம் வாங்கேலா. மாணிக்கத்தப் பாத்துட்டுப் போகலாம். இது கானட். நம்மட நாட்டுக் கல்லுதான், நல்ல சிவப்பு. சாத்திரத்துக்கு இதையும் ஏத்துக்கொள்ளுவாங்க எண்டு போடுற ஆக்கள் செல்றாங்க.”

“சிவப்புத்தானே?”

“சிவப்பு எண்டா மாதுளம் முத்துச் சிவப்பு.”

“அப்ப மாணிக்கம்தான்” என்று முடித்துவிட்டார் கனகசிங்கம். காத்தான்குடியில் கானட்டாக ஏறிய கல், பஸ் நாவற்குடாவைத் தாண்டும்போது மாணிக்கமாகி, நாணல்துறையில் இறங்கும்போது பர்மா மாணிக்கமாகிவிட்டது. சீதேவிப்பிள்ளை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஒருவரும் கணக்கில் எடுக்காத விசயம். பதவியோடு உடம்பும் வந்தது. வண்ணக்கர் இல்லாமல் ஊரில் ஒரு வீட்டில் குழந்தைக்கு முதல் சோறு குடுத்தல் நடக்காது, புதுவீட்டில் பால் காய்ச்சுதல் நடக்காது. போகிற இடமெல்லாம் முதல் இலை அவருக்கு. தையில் தளர்ந்து கிடந்த மோதிரம் சித்திரையில் அளவானது, வைகாசியில் விரலோடு சேர்ந்து வளர்ந்தது போலாகிவிட்டது. சடங்கு விரதத்தில் மெலியும் என்று நம்பியிருந்தார். விரதத்தில் ஒரு நேரச் சாப்பாடுதான். ஆனால் அந்த ஒரு நேரம் காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பின்னேரம் நாலு மணிக்கு முடிந்தது.

சிக்கல் இதுதான். நாணல்துறையில் பழைய வழக்கமொன்று உண்டு. ஒரு சிலம்பால் புருசனைப் பறிகொடுத்தவள் அம்மன். அதனால் சடங்கில் கை வைக்கும் ஆண்கள் பொன்னும் கல்லும் பூண்டு உள்வேலிக்குள் கால் வைக்கக்கூடாது. மற்ற நாட்களில் பூசையெல்லாம் கட்டாடியாருடையது. வண்ணக்கர் வெளிவாசலில் நின்று திறப்பைக் கொடுத்தால் போதும். கடைசி நாள் மட்டும் வண்ணக்கர் உள்ளே போய், பால் பொங்கி வரும்போது தன் வலக்கையால் மூன்று பிடி அரிசி பானையில் போடவேண்டும். வழக்கம் பிழைத்தால் குடியார் அந்த இடத்திலேயே கூடிப் பதவியைப் பறித்து அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். அடுத்தவன் என்றால் தங்கராசா.

போட்டுக்கொண்டு போனால் கோயில் பதவியைப் பறிக்கும். கழற்றிவிட்டுப் போனால் சூரியன் பறிக்கும். இரண்டு பக்கமும் தெய்வம் நிற்கிற இடத்தில், நடுவில் ஒரு வீங்கிய விரல்.

நல்லெண்ணெய் பூசிப் பார்த்தாள். நூல் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் சைக்கிள் திருத்துகிற குறட்டைக் கொண்டு வந்து கல்லைக் கவ்வியிருந்த தங்க நகத்தில் பிடித்து முறுக்கினாள். நகம்தான் கொஞ்சம் நிமிர்ந்தது.

“நிஸ்தாருக்கு அடிச்சுக் கேளுங்க” என்றாள்.

நிஸ்தார் தொலைபேசியில் சிரித்தார். “கொண்டு வாங்க ஐயா, ஒரு நிமிசத்தில வெட்டித் தாறன். விரலுக்கு ஒண்டும் ஆகாது.”

அடுத்து சாத்திரியாருக்கு அடித்தார் கனகசிங்கம். சாத்திரியார் சிரிக்கவில்லை. “வெட்டுறதா? வெட்டினா நான் பொறுப்பில்ல. நான் சொல்லல்ல எண்டு மறுகா வந்து நிக்கப்படாது.”

கனகசிங்கம் கையை வாளியிலிருந்து எடுத்து உதறினார். பிறகு எழும்பிப் போய், கொடியில் கிடந்த தன் பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு வந்தார்.

“கட்டு” என்றார்.

“என்னத்துக்கு?”

“விரலச் சுத்திக் கட்டு. மோதிரம் தெரியப்படாது.”

“அம்மனுக்குமா தெரியாது?”

“அம்மனுக்கு நான் பிறகு சொல்லிக்கொள்ளுவன். தங்கராசாவுக்குத் தெரியப்படாது. அதுதான் இப்ப அவசரம்.”

கட்டினாள். கட்டி முடித்தபோது மோதிர விரல் ஒரு சின்னக் குழந்தைக்குத் தலைப்பாகை கட்டியது போல இருந்தது.

உள்வேலி வாசலில் கட்டாடியார் சீனித்தம்பி நின்றார். எழுபது வயது, ஒட்டிய வயிறு, ஊரில் யாரையும் அண்ணாந்து பார்க்காத கண். அவருக்குப் பின்னால் தங்கராசா, வெற்று மார்பும் வெற்று விரலுமாக, இரண்டு கையையும் விரித்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நின்றான். கனகசிங்கத்தின் சங்கிலி, மணிக்கூடு எல்லாம் சீதேவிப்பிள்ளையின் கையில் போய்ச் சேர்ந்தன.

“கையில என்ன வண்ணக்கர்?” என்றார் கட்டாடியார்.

“நண்டு கடிச்சிட்டுது கட்டாடியார்.” கனகசிங்கம் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த பதில் அது. வாவிக்கரை ஊரில் இதைவிட நம்பக்கூடிய பொய் கிடையாது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்.

“நண்டா? விரதத்தில நண்டு பிடிக்கப் போனீங்களா?”

பின்னால் நின்ற சனம் ஒரு அடி முன்னால் வந்தது. சீதேவிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் பிடிக்கப் போகல்ல” என்றார் கனகசிங்கம். “கால் கழுவத்தான் இறங்கினன். நான் நண்டப் பிடிக்கல்ல, நண்டுதான் என்னப் பிடிச்சது.”

“கால் கழுவக்குள்ள கையில எப்பிடிண்ண கடிச்சது?” என்றான் தங்கராசா, மிகவும் அக்கறையாக.

“காலக் கையாலதானே கழுவுற தம்பி? உங்கட வீட்டில எப்பிடி?”

சனம் சிரித்தது. கட்டாடியார் கட்டை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். நல்லெண்ணெய் மணந்தது. மருந்தென்று நினைத்தாரோ, பானைக்கு நேரமாகிறதென்று நினைத்தாரோ, தலையை ஆட்டி உள்ளே விட்டார்.

பித்தளைப் பானையில் பால் நுரைத்து ஏறியது. பெண்கள் குரவையிட்டார்கள். கனகசிங்கம் சுளகிலிருந்து அரிசியை அள்ளி, பானையை மூன்று முறை சுற்றிக் காட்டி, முதல் பிடியைப் போட்டார். சரியாக நடந்தது. இரண்டாவது பிடியும் சரி. மூன்றாவது பிடியைப் போடும்போது, இவ்வளவு சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் விசுக்கிப் போட்டால் என்ன என்று ஒரு ஆசை வந்தது. விசுக்கினார். கட்டு தளர்ந்து, அதற்குள்ளிருந்து ஏதோ வழுக்கிப் போனது போலிருந்தது. கையை எடுத்துத் துணிக்கு மேலால் தடவிப் பார்த்தார். மோதிரம் இருந்தது. அதன் மேல் இருக்கவேண்டிய மேடு இல்லை.

பால் பொங்கி வழிந்தது. சனம் கைகூப்பியது. கனகசிங்கமும் கைகூப்பினார், அந்தக் கூட்டத்திலே அவரைப் போல மனமுருகி வேண்டியவர் வேறு யாருமில்லை.

“அம்மா தாயே” என்றார் பல்லுக்குள்ளே, “அது அடியில போய் ஒட்டிக்கிடக்கட்டும்.”

பொங்கல் வெந்து, சர்க்கரை விழுந்து, நெய்யும் கஜுவும் உலர்ந்த திராட்சையான முந்திரிகை வத்தலும் விழுந்தன. அதற்குமேல் பானையைப் பார்ப்பது பயனில்லாத வேலையாகிவிட்டது. ஒவ்வொரு வத்தலும் மாதுளம் முத்துச் சிவப்பில் மினுங்கியது.

பந்தி போடும் நேரத்தில் ஊர் இதுவரை காணாத ஒரு காட்சியைக் கண்டது. வண்ணக்கர் அகப்பையை வாங்கித் தானே பரிமாறத் தொடங்கினார். ஒவ்வொரு அகப்பையையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, விரலால் கிளறி, சந்தேகமான வத்தலையெல்லாம் அமுக்கிப் பார்த்துத் தள்ளிவிட்டுப் போட்டார்.

“பாருங்க, பதவி வந்தும் எவ்வளவு பணிவு” என்றாள் அன்னப்பூரணி. பாலர் பாடசாலை ஆசிரியை; நல்லதைக் கண்டால் உடனே சொல்லிவிடுவாள்.

“ஒரு கல்லு மண்ணு சனத்துக்குப் போயிரப்படாதெண்டு பாக்கிறார்” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“ஒரு வத்தலும் போயிரப்படாதெண்டும் பாக்கிறார்” என்றாள் அதற்கடுத்தவள் தன் இலையைப் பார்த்து.

சீதேவிப்பிள்ளை தண்ணீர் வார்க்கிற சாட்டில் கிட்ட வந்தாள். “என்ன தேடுறீங்க?” என்றாள் மெதுவாக.

“கல்லு.”

“எந்தக் கல்லு?”

அவர் பானையைப் பார்த்தார். அவள் கட்டைப் பார்த்தாள். கட்டு நெய்யில் ஊறி, தலைப்பாகை சரிந்து கிடந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. “குறட்டால முறுக்கியிருக்கப்படாது” என்றாள் தனக்குத்தானே.

நூற்றெண்பது இலைக்குப் பரிமாறினார். தோள் கழன்றது. கல் வரவில்லை. அடியில்தான் ஒட்டிவிட்டது, அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று அவர் மூச்சு விட்ட நேரம், கடைசிப் பந்தியில் தங்கராசாவின் வாய்க்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

தங்கராசா கடைவாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். பிறகு உள்ளங்கையில் துப்பினான். பொங்கல், பாதிப் பல், சிவப்பாய் ஒரு கல்.

கட்டாடியார் வந்து, அதைத் தண்ணீரில் கழுவி, வெயிலில் பிடித்தார். கல் நெருப்புப் போல மினுங்கியது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“தாயே! சிலம்புப் பரல்!”

பிறகு அங்கே காது கேட்கவில்லை. குரவை, அழுகை, விழுந்து கும்பிடுதல். அம்மனின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கதை ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்குத் தெறித்த மாணிக்கம் இன்றைக்குத் தங்கராசாவின் கடைவாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கவேண்டும். அர்த்தம் என்னவென்று சனம் கனகசிங்கத்தையும் தங்கராசாவையும் மாறி மாறிப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

“வாயத் திறந்திராதீங்க” என்றாள் சீதேவிப்பிள்ளை, அவர் இடுப்பில் கிள்ளியபடி. “திறந்தீங்களெண்டா இண்டைக்கே போகும். திறக்காட்டி இன்னும் ரெண்டரை வருசம் இரிக்கு.”

கனகசிங்கம் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு கட்டுப்பாடு தன்னிடம் இருக்கிறதென்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது. தங்கராசாவைத் தோளில் தூக்கினார்கள், பொறுத்தார். கட்டாடியார் அவன் நெற்றியில் சந்தனம் பூசினார், பொறுத்தார். “அம்மன் ஆளக் காட்டிட்டா” என்று யாரோ கத்தினார்கள், அதையும் பொறுத்தார்.

அந்த நேரம் அன்னப்பூரணி கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“கட்டாடியார், கோபிக்காதீங்க” என்றாள். “எனக்கென்னவோ இது சட்டைப் பொத்தான் மாதிரித் தெரியுது. புள்ளையளுர சட்டையில இப்பிடித்தான் சிவப்புக் கண்ணாடிப் பொத்தான் வருது. சந்தியில அட்டைக்குப் பன்னிரண்டு.”

சனம் கல்லைப் பார்க்க எட்டிக் குனிந்தது. தங்கராசாவைத் தூக்கியிருந்தவர்கள் அவனைக் கொஞ்சம் கீழே பதித்தார்கள்.

“பொத்தானா இரிக்குமோ?” என்றார் ஒருவர்.

“பொத்தான்தான் போல” என்றார் இன்னொருவர். “ஒளிவட்டம் ஒண்டையும் காணல்ல.”

கதை அப்படியே முடிந்திருக்கும். தங்கராசாவின் அதிசயம் பொத்தானாகி, கனகசிங்கத்தின் பதவி பதவியாகவே இருந்திருக்கும். சீதேவிப்பிள்ளை கிள்ளிய கையை எடுத்து நெஞ்சில் வைத்து மூச்சு விட்டாள்.

“ஆருகா பொத்தான் எண்டது?”

கனகசிங்கத்தின் குரல் கோயில் கூரையில் பட்டுத் திரும்பியது.

“கண்ணில்லையா உங்களுக்கு? பொத்தானாம்! ரெண்டரைக் கரட் பர்மா மாணிக்கம்கா அது! பசும்பால்ல ஊறின கல்லு!”

சீதேவிப்பிள்ளை நெஞ்சில் வைத்த கையை எடுத்துத் தலையில் வைத்தாள்.

“ரெண்டரைக் கரட் எண்டு எப்பிடித் தெரியும் வண்ணக்கர்?” என்றார் கட்டாடியார்.

கனகசிங்கம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“கையக் காட்டுங்க.”

காட்டினார். கட்டாடியார் துணியை அவிழ்க்கத் தேவையே இருக்கவில்லை. நுனியைப் பிடித்து இழுத்தார். நூற்றெண்பது இலை நெய்யில் ஊறிய கட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. கூடவே மோதிரமும் வந்து, சிமெந்துத் தரையில் ‘டிங்’ என்று விழுந்து, உருண்டு, சீதேவிப்பிள்ளையின் காலடியில் போய் நின்றது. கல்லில்லாத மோதிரம், பல்லில்லாத வாயாய் அண்ணாந்து பார்த்தது.

“காலமயே நெய் பூசியிருக்கலாம்” என்றாள் சீதேவிப்பிள்ளை. “எனக்கு இந்தப் புத்தி வரல்ல பாருங்க.”

குடியார் கோயில் அரசமரத்தடியிலேயே கூடினார்கள். நீண்ட பேச்சு இல்லை. நண்டு பற்றி மட்டும் கொஞ்சம் பேசினார்கள். பதவியும் திறப்பும் தங்கராசாவுக்கு. பானைக்குள் விழுந்த கல் அம்மனுக்கு. கனகசிங்கத்துக்குத் தெண்டம்: சடங்குப் பானைகள் அத்தனையும் அவரே வாவிக்கரையில் வைத்து மண் போட்டு மினுக்கிக் கொடுக்கவேண்டும்.

திறப்பை வாங்கிய தங்கராசா, வீங்கிய கன்னத்தோடு, “அண்ண, செங்கலடிச் சாத்திரியார்ட நம்பர் ஒருக்காத் தாங்களன்” என்றான். “பதவி வந்திரிக்கு, நிலைக்க வேணுமே.”

மறுநாள் பின்னேரம் கனகசிங்கம் வாவிக்கரையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று பானை தேய்த்துக்கொண்டிருந்தார். கரையோரக் கண்ணா மரங்களின் நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. சீதேவிப்பிள்ளை கரையில் இருந்து தேங்காய்த் தும்பும் மண்ணும் எடுத்துக் கொடுத்தாள். மோதிரம் கிடந்த இடத்தில் விரல் வெள்ளையாகச் சுருங்கிக் கிடந்தது.

சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. சாத்திரியார்.

“என்ன வண்ணக்கர், கேள்விப்பட்டன்.”

“வண்ணக்கர் இல்ல. சும்மா கனகசிங்கம்.”

“அதைத்தானே சொன்னனான்! கல்லு கழண்டா பதவி கழரும் எண்டு. எத்தின மணிக்குக் கழண்டது?”

“பன்னிரண்டு இருக்கும்.”

“பதவி?”

கனகசிங்கம் யோசித்தார். “மூண்டரைக்கு.”

“மூண்டரை மணித்தியாலம்! என்ட கணக்கு எப்பவாவது பிழைச்சிரிக்கா?”

கனகசிங்கம் நிமிர்ந்தார். நேற்றிலிருந்து இருண்டு கிடந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சாத்திரியார் இன்னும் கொஞ்சம் பேசினார். இவர் “ஓம்… ஓம்… அப்பிடியா…” என்று கேட்டுக்கொண்டு, மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்து மறுபடி ஒழுங்காகக் கட்டினார்.

“சீதேவி, அந்த மனுசன் சொன்னது அச்சொட்டா நடந்திரிக்கு பாத்தியா? என்ட சாதகத்துக்கு அவ்வளவு பலம். இனிச் சனி பாக்கிறானாம். ஒரு நீலக்கல்லுப் போட்டா அடுத்த குடிக் கூட்டத்தில திறப்பு தானா வருமாம்.”

சீதேவிப்பிள்ளை தும்பைக் கீழே வைத்தாள்.

“எந்த விரலுக்காம்?”

“நடு விரல்.”

“காட்டுங்க பாப்பம்.”

ஆசையோடு காட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஈரமண்ணை அள்ளி வைத்து, அடி கருகின பெரிய பானையை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“அப்ப அந்த விரலாலயே சுரண்டுங்க. இந்தமுறை வீக்கம் முதல் வரட்டும். மோதிரம் பொறகு வரட்டும்.”